விண்வெளியில் ஓர் இயந்திரக் கை

உள்ளம் எண்ணியதைச் செய்து முடிப்பது கை. சுடும் பொருளைத் தொட இயலாதபோது நம் முன்னோர் இடுக்கியைக் கண்டனர்; உயரத்துக் காயைப் பறிக்கத் துறட்டியைக் கண்டனர். கை எட்டாத இடத்திற்கும் கருத்து எட்டும். அவ்விடத்திற்குக் கையை நீட்டித் தருவனவே கருவிகள். அவ்வாறு நீண்ட கை இன்று விண்வெளியிலும் தொண்டாற்றி வருகின்றது.

விண்வெளியில் காற்று இல்லை. கதிரவனொளி படும் இடத்தில் கடும் வெப்பமும், நிழலில் கடுங்குளிரும் நிலவும். காப்புடை அணிந்து வெளிவரும் வீரர் சில மணி நேரமே அங்குப் பணி செய்யலாம். ஆதலின், கலத்தினுள் இருந்தபடியே இயக்கத்தக்க கை ஒன்று வேண்டியதாயிற்று. அமெரிக்க விண்ணோடங்களுக்கென அதனை ஆக்கித் தந்தவர் கனடா நாட்டார். 1981 நவம்பரில் 'கொலம்பியா' என்னும் விண்ணோடத்தில் அது முதன்முதலாகச் சென்றது. ஏறத்தாழ 15 மீட்டர் நீளமுள்ள அக்கைக்குத் தோள், முழங்கை, மணிக்கட்டு என ஆறு மூட்டுகள் இருந்தன. விரல்கள் மட்டும் இல்லை. நுனியில் உள்ள உருளைக்குள் மூன்று கம்பிகள் இருந்தன. பிடிக்க வேண்டிய பொருளில் பொருத்திய முளை உருளைக்குள் புகுந்ததும், அக்கம்பிகள் சுருக்குப்போல் இறுகி அதனைப் பற்றிக்கொள்ளும்.

மாணவர்களே, ஒரு வியப்பைக் கேளுங்கள். மண்ணுலகில் தன்னைத் தானே தூக்கவும் மாட்டாத அக்கை, விண்வெளியில் பல்லாயிரம் கிலோகிராம் பொருளை எளிதாக நகர்த்தியது. அங்கு எடை தோன்றுவதில்லை என்பதே காரணம். ஆயினும், பொருளின் நிறை மறைவதில்லை. ஓடத் தொடங்கிய தேரை நிறுத்துவது அரிது. அதனாலன்றோ முட்டுக்கட்டை இடுவோர் விழிப்போடு உடன் செல்கின்றனர்! விண்வெளியிலும் நகரத் தொடங்கிய பொருள் தானே நில்லாது. எனவே, அக்கையை இயக்குவோர்க்கு விரைவினும் நிதானமே பெரிதாகும்.

2001 ஏப்ரலில் பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்கு மற்றொரு கனடாக் கை சென்றது. அதன் நீளம் 17.6 மீட்டர், மூட்டுகள் ஏழு. அதன் இரு முனைகளும் ஒரே தன்மையன. ஒரு முனையை ஊன்றி மறு முனையை எடுத்து வைத்து, அட்டை ஊர்வது போல் அது நிலையத்தின்மேல் இடம் பெயரும்.

அக்கையின் அருமை 2007-ஆம் ஆண்டில் நன்கு விளங்கியது. அவ்வாண்டு அக்டோபர் 30-ஆம் நாள், நிலையத்திற்கு மின்னாற்றல் அளிக்கும் கதிரவத் தகட்டு இறகொன்று விரிக்கப்படுகையில் கிழிந்தது. கிழிந்த இடமோ தொலைவில் இருந்தது. கனடாக் கையுடன் ஏறத்தாழ 15 மீட்டர் நீளமுள்ள கோல் ஒன்றை இணைத்தனர். அக்கோலின் நுனியில் கால்களைப் பொருத்தி நின்றார் ஸ்காட் பரசின்ஸ்கி என்னும் வீரர். வெயில் படும்வரை அவ்விறகில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனை நிறுத்த வழியில்லை. உடல் சற்றே உரசினும் தீங்கு நேரலாம். உள்ளிருந்து கையை இயக்கிய ஸ்டெபானி வில்சன், டேனியல் டானி ஆகிய இருவரும் சிறிதும் பதறாமல் அவரை உரிய இடத்திற்கு நகர்த்தினர். நவம்பர் 3-ஆம் நாள், வீரர்கள் நிலையத்திலேயே செய்துகொண்ட ஐந்து இணைப்புக் கம்பிகளால் கிழிந்த பகுதி பிணைக்கப்பட்டது. இறகு முழுதும் விரிந்தது. நிலையத்தின் குறை நீங்கியது.

இக்கையை இப்போது புவியில் இருப்போரும் இயக்குகின்றனர். அவர்கள் விடுக்கும் கட்டளை சென்று, அதன் விளைவு காட்சியாகத் திரும்பச் சற்றுக் காலம் கழியும். ஆதலின், ஓர் அசைவு முடிந்ததைக் கண்ட பின்னரே அடுத்ததற்கு ஆணையிடுகின்றனர். நம் நாட்டாரும் இத்துறையில் அடியெடுத்து வைத்துள்ளனர். 2024 டிசம்பர் 30-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ஏவூர்தியில், ஏழு மூட்டுகளுடன் இடம்பெயர வல்ல சிறு இயந்திரக் கை ஒன்றை அனுப்பி இயக்கிக் கண்டனர்.

இரும்பும் கம்பியும் தாமாக எதனையும் செய்துவிடுவதில்லை. ஒருவர் உயிர் தம் விரலசைவில் உள்ளது என்பதை உணர்ந்து, அளந்து இயக்கிய இருவரின் பொறுமையே அன்று அவ்வீரரைக் காத்தது. கருவி எத்துணை நீண்டதாயினும், அதனை ஆள்வோரின் உள்ளம் அடங்கியதாக இருத்தல் வேண்டும். வலிமையுடன் நிதானமும் கூடிய இடத்திலேயே அரிய செயல்கள் கைகூடும்.