முதுமையின் மறதியும் விற்றமின் பீ 12 உம்

முதியவர் ஒருவர் கேட்ட கேள்வியையே மீண்டும் மீண்டும் கேட்பாராயின், “அறளை பெயர்ந்துவிட்டது” என்று கூறி அமைவது எம் நாட்டார் வழக்கம். முதுமையில் வரும் மறதி முழுவதையும் வயதின் விளைவென்று கொள்ளுதல் பொருந்தாது. அதில் ஒரு சிறு பகுதி தீர்க்கக்கூடிய உணவுக் குறைபாட்டினால் நேர்வது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1926ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்களான மைனட், மேர்பி என்போர், கொடிய இரத்தச்சோகையால் வருந்தினோர்க்கு ஈரலை உண்ணக் கொடுத்து அந்நோயைத் தணித்தனர். ஈரலில் அடங்கியிருந்த அப்பொருள் 1948இல் பிரித்தெடுக்கப்பட்டு விற்றமின் பீ 12 எனப் பெயர் பெற்றது. அதன் சிக்கலான அமைப்பை டொரதி ஹொட்ஜ்கின் அம்மையார் 1956இல் வெளிப்படுத்தினார். இதனோடு இணைந்து தொழிற்படும் போலிக் அமிலத்தை 1945இல் செயற்கையாக ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியின் பழைய மாணவர் என்பது எம்மனோர்க்கு மகிழ்ச்சி தருவதாகும்.

குருதிக் கலங்கள் உருவாவதற்கும், நரம்புகளைப் போர்த்திருக்கும் உறை கெடாதிருப்பதற்கும் பீ 12 வேண்டும். வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 2.4 மைக்குரோகிராம் போதுமானது. மீன், முட்டை, பால், தயிர், இறைச்சி ஆகியவற்றில் இஃது உண்டு. தாவர உணவில் இல்லையென்றே கூறலாம். உணவிலுள்ள பீ 12 ஐ இரைப்பையின் அமிலம் பிரித்துவிட, இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் அதனைப் பற்றிச் சிறுகுடலின் கடைப்பகுதிக்குச் சேர்க்கின்றது. வயது ஏற ஏற அமிலம் குறைவதால், உண்டது உடலிற் சேராது போதல் கூடும். ஈரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகளுக்குப் போதுமாதலின், குறைபாடு ஓசையின்றியே வளர்கின்றது.

இனி எம் கரையோரத்தை நோக்குவோம். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களின் முஸ்லிம் இல்லங்களில் மீனும் இறைச்சியும் எருமைத் தயிரும் வழக்கமான உணவு. இடையேயுள்ள காரைதீவு முதலிய ஊர்களில் சைவ உணவு ஒன்றையே கொள்ளும் முதியோரும் உளர். பாலும் தயிரும் குறைந்துவிடின், இவர்க்குக் குறைபாடு உணவினாலேயே வரும். மீன் உண்போர் தமக்கு அச்சமில்லை என்று இருத்தலும் ஆகாது. நீரிழிவுக்கு மெற்போமின் மாத்திரையையோ, நெஞ்செரிவுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையோ பல ஆண்டுகள் உட்கொள்வோர்க்கு, உணவு நிறைந்திருந்தும் பீ 12 குறைதல் உண்டு. வழி இரண்டாயினும் சேருமிடம் ஒன்றே.

காலில் விறைப்பு, நடையில் தள்ளாட்டம், நாக்கில் எரிவு, சோர்வு, மறதி என்பன இதன் அறிகுறிகள். எளிய இரத்தப் பரிசோதனை ஒன்றால் அளவை அறியலாம். ஊசியோ மாத்திரையோ கொண்டு குறையை நிரப்பலாம். காலம் தாழ்த்தின் நரம்புக்கு நேர்ந்த கேடு மீளாது நிலைத்துவிடும். போலிக் அமிலத்தை மட்டும் உண்டால் இரத்தச்சோகை மறையும். நரம்பின் கேடோ உள்ளே தொடரும்.

ஒக்ஸ்போட்டில் நடைபெற்று 2010இல் வெளியான ஆய்வொன்றில், சிறிது மறதியுற்ற 70 வயதுக்கு மேற்பட்டோர்க்கு இரண்டு ஆண்டுகள் பீ வகை விற்றமின்களைக் கொடுத்தபோது, மூளை சுருங்கும் வேகம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. குருதியில் ஹோமோசிஸ்ரின் மிகுந்திருந்தோரே அதிகப் பயன் பெற்றனர். ஆயினும் குறைபாடு இல்லாதோர்க்கு இவ்விற்றமின்களைக் கொடுத்த பெரிய ஆய்வுகளில் நினைவாற்றல் குறிப்பிடத்தக்கவாறு உயரவில்லை. மறதி நோயுற்றோருட் பெரும்பாலார்க்குக் காரணமும் வேறே. எனவே, கடையில் மாத்திரை வாங்கி உண்பதால் நினைவு கூர்மையாகும் என்று நம்புதல் வீண். மருத்துவர் தந்த மருந்தைத் தாமே நிறுத்துதல் அதனினும் தீது.

பழைய மாணவராகிய எம்முட் பலர் முதுமையை எய்திவிட்டோம். எமக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் சிலரும் இன்னும் உள்ளனர். அவர்களைக் காணச் செல்லும்போது பெயர் மறந்து விழிப்பாராயின், வயதாயிற்று என்று எண்ணித் திரும்பிவிடாது, ஒரு முறையேனும் இரத்தத்தைப் பரிசோதிக்க அழைத்துச் செல்வோமாக. தீர்க்கக்கூடிய மறதியைத் தீராது விடுதல் எம் குற்றமாகும்.