திருவாதிரை வெடிக்குமா?

மாணவர்களே! மார்கழித் திங்களில் இரவு எட்டு மணியளவில் கிழக்கு வானை நோக்குங்கள். மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் தோன்றும். அவற்றிற்கு வடபால் செந்நிறமாய் ஒளிர்வதே திருவாதிரை. சிதம்பரத்தில் ஆருத்திரா தரிசனம் நிகழ்வது இவ்விண்மீனின் பெயரால் அமைந்த நாளில்தான். ஊரில் பாட்டி காணும் அதே விண்மீனை நீங்கள் போபாலிலும் கொல்கத்தாவிலும் காணலாம். வானியலார் இதனைப் பெட்டல்ஜூஸ் என்பர்.

2019ஆம் ஆண்டின் இறுதியில் திருவாதிரையின் ஒளி மிகவும் மங்கியது. ‘வெடிக்கப் போகிறதோ?’ என்று பலர் வினவினர். விண்மீன் உமிழ்ந்த வளிமம் குளிர்ந்து தூசாகி அதனை மறைத்ததே காரணம் என ஆய்வாளர் பின்னர் விளக்கினர். 2020இல் அதன் ஒளி மீண்டது.

ஆயினும், திருவாதிரை ஒருநாள் வெடிப்பது உறுதி. அது சூரியனைப்போலப் பத்து மடங்கிற்கும் மேற்பட்ட நிறையுடையது; ஆதலால் தன் எரிபொருளை விரைவில் தீர்த்துவிடும். இறுதியில் அதன் கருவம் இரும்பாக மாறும். இரும்பின் இணைவால் ஆற்றல் கிடைக்காது. எனவே தன் ஈர்ப்பைத் தாங்க இயலாமல் கருவம் நொடிப்பொழுதில் உள்நோக்கிச் சரியும். புற அடுக்குகள் வெடித்துச் சிதறும். இதுவே சூப்பர்நோவா. இது நிகழ இன்னும் ஓரிலட்சம் ஆண்டுகள்கூட ஆகலாம்.

அப்போது நமக்குத் தீங்கு நேருமா? நேராது. திருவாதிரை ஐந்நூறு ஒளியாண்டுகளுக்கும் அப்பால் உள்ளது. சில பத்து ஒளியாண்டுகளுக்குள் வெடித்தால்தான் புவிக்கு இடர் உண்டு. 1054இல் வெடித்த ஒரு விண்மீனைச் சீனர் 23 நாள்கள் பகலிலும் கண்டு குறித்துவைத்தனர். அதன் எச்சமே நண்டு நெபுலா. அதனினும் மிக அருகிலுள்ள திருவாதிரை பல திங்கள் பகலிலும் ஒளிரும்.

இன்றிரவு நாம் காண்பது ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே புறப்பட்ட ஒளி. திருவாதிரை இந்நேரம் வெடித்திருந்தாலும், அச்செய்தியைச் சுமந்த ஒளி வந்த பின்னரே நாம் அறிவோம்.

விண்மீனின் முடிவு வெறும் அழிவன்று. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் இத்தகைய பெருவிண்மீன்களில் உருவாகி, வெடிப்பால் வெளியில் பரவியதே. ஆகவே, வானைப் பற்றிய வதந்தியைக் கேட்டால் அஞ்சாதீர்கள், ‘எவ்வளவு தொலைவு?’ என்று முதலில் வினவுங்கள்.

சொற்பொருள்
வடபால் – வடக்குப் பக்கம்
வளிமம் – வாயு
கருவம் – நடுப்பகுதி
இடர் – துன்பம்
ஒளியாண்டு – ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவு

பயிற்சி
1. 2019இல் திருவாதிரை மங்கியது ஏன்?
2. திருவாதிரை வெடித்தாலும் புவிக்குத் தீங்கு நேராது. காரணம் கூறுக.
3. பிரித்து எழுதுக: செந்நிறம், இவ்விண்மீன்.
4. திருவாதிரையை வானில் கண்டு, ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கு அதுபற்றி ஐந்து வரிகளில் மடல் எழுதுக.