காயமும் பொறுப்பும்

கொல்லிமலை அடிவாரத்திலுள்ள காரவள்ளியில் அண்மையில் அங்கத்தினர் கல்வி வகுப்பு ஒன்று நடைபெற்றது. நெசவாளர் பலர் வந்திருந்தனர். மிளகும் காப்பியும் பயிரிடுவோர் சிலர், 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மலையிலிருந்து இறங்கி வந்திருந்தனர். "நிர்வாகத்தின் பொறுப்பு" என்பது அன்றைய பாடம். சட்டப் பிரிவுகளை நான் எடுத்துரைத்தபோது வகுப்பில் அத்துணை ஊக்கம் காணப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இடைவேளையில் இளம் நெசவாளர் ஒருவர், 2025ஆம் ஆண்டு ஐ.பி.எல். கிரிக்கெட் போட்டியில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி கடைசி இடத்துக்குப் போனதைப் பற்றிப் பேச்செடுத்தார். "கேப்டனுக்குக் கை முறிஞ்சு போச்சுங்க, அப்புறம் அணி என்ன பண்ணும்?" என்றார். அருகிலிருந்த மிளகு விவசாயி ஒருவர், வயதில் பெரியவர், "தம்பி, கை முறியறதுக்கு முன்னாடி எத்தனை ஆட்டம் ஜெயிச்சாங்க? அதை முதல்ல சொல்லு" என்று கேட்டார். அந்தக் கேள்வியே பிற்பகல் வகுப்புக்குப் பாடமாயிற்று. வர இயலாத அங்கத்தினர்களுக்காக அதனை இங்கே எழுதுகிறேன்.

பேரேடு சொல்வது

2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து முறை கோப்பையை வென்ற அணி அது. 2024இல் ருதுராஜ் கெய்க்வாட் அதன் கேப்டனானார். 2025 மார்ச் 30ஆம் நாள் குவாஹாட்டியில் இராஜஸ்தான் அணியுடன் ஆடியபோது, எதிரணியின் துஷார் தேஷ்பாண்டே வீசிய பந்து அவருடைய முழங்கைப் பகுதியில் பட்டது. அதன் பின்னரும் ஏப்ரல் 5, 8 ஆகிய நாட்களில் அவர் களமிறங்கினார். முறையே 5 ரன்னும் 1 ரன்னும் எடுத்தார். எக்ஸ்ரே படத்தில் தெளிவாகாதது, எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் எலும்பு முறிவு என்று தெரிந்தது. எஞ்சிய ஆட்டங்களில் அவர் ஆடமாட்டார் என்று ஏப்ரல் 10ஆம் நாள் பயிற்சியாளர் ஸ்டீபன் பிளெமிங் அறிவித்தார். மகேந்திர சிங் தோனி மீண்டும் தலைமை ஏற்றார்.

அந்த ஆண்டு அணி ஆடிய ஆட்டங்கள் 14, வெற்றி 4, தோல்வி 10. பத்து அணிகளில் பத்தாவது இடம். அவ்வணியின் வரலாற்றில் கடைசி இடம் என்பது அதுவே முதல் முறை.

இனி இந்தக் கணக்கை இரண்டாகப் பிரிப்போம். கெய்க்வாட் ஆடிய 5 ஆட்டங்களில் வெற்றி 1, தோல்வி 4. அவர் ஆடாத 9 ஆட்டங்களில் வெற்றி 3, தோல்வி 6. கேப்டன் விலகியதனால்தான் அணி வீழ்ந்தது என்று இந்தக் கணக்கைக் கொண்டு சொல்ல இயலுமா? இயலாது. பிந்திய மூன்று வெற்றிகளுள் இரண்டு, அடுத்த சுற்றுக்குச் செல்லும் வாய்ப்பு ஏப்ரல் 30இல் முற்றிலும் போன பின்னர் கிடைத்தவை என்பதையும் மறைக்கலாகாது. ஆயினும் சரிவு காயத்துக்கு முன்னரே தொடங்கிவிட்டது என்பது தெளிவு.

அப்படியாயின் குறை எங்கே இருந்தது? 2024 நவம்பரில் ஜெட்டா நகரில் நடந்த ஏலத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய் வரம்பு. சென்னை அணி பழைய ஆட்டக்காரர் ஐவரைத் தக்கவைக்க 65 கோடியை ஒதுக்கியது. மீதி 55 கோடியில் ஏனையோரை வாங்கியது. ஏலத்தில் எல்லாம் சரியாக அமைந்தது என்று வாதிடுவது கடினம் என்ற பொருளில் பிளெமிங்கே பின்னர் பேசினார். அந்த ஏலத்தில் எவரும் எடுக்காது விட்ட 17 வயது ஆயுஷ் மாத்ரேயும் தென்னாப்பிரிக்காவின் டெவால்ட் பிரெவிஸும் போட்டியின் நடுவில் மாற்று ஆட்டக்காரர்களாக வந்து நன்கு ஆடினர். மே 3ஆம் நாள் பெங்களூரில் மாத்ரே எடுத்தது 94 ரன்.

சொந்தக் களத்தின் கதையும் அத்தகையதே. 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்த இடத்துக்கு அண்மையில்தான் சேப்பாக்கம் மைதானம் இருக்கிறது. அங்கே முதல் ஆட்டத்தில் மும்பையை வென்ற அணி, அடுத்த ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது. அவற்றுள் இரண்டு தோல்விகள் காயம் அறிவிக்கப்படுவதற்கு முன் நேர்ந்தவை.

அங்கத்தினர்களே உரிமையாளராகிய ஓர் அணி

இவ்விடத்தில், "அந்த அணி ஒரு கம்பெனிக்குச் சொந்தம், பார்ப்பவர் கேட்டால் யார் பதில் சொல்வார்கள்?" என்று ஒருவர் வினவினார். தக்க வினா. அதற்குக் கனடா நாட்டிலிருந்து ஓர் உதாரணம் கூறினேன்.

சஸ்காட்செவான் என்பது அங்குள்ள கோதுமை விளையும் மாகாணம். கோதுமை விவசாயிகள் பெருங்கூட்டுறவு அமைத்த மண் அது. அங்குள்ள ரஃப்ரைடர்ஸ் என்னும் கால்பந்து அணி எந்தத் தனவந்தருக்கும் சொந்தமன்று. பங்கு வாங்கிய பொதுமக்களுக்குச் சொந்தம். அப்பங்குக்கு லாப ஈவு கிடையாது. ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் கூட்டி, வரவு செலவை அவர்கள்முன் வைக்கிறார்கள். அவர்களுடைய ஆட்டம் நம் கால்பந்து போன்றதன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதும் உண்டு. பந்தை முதலில் பெற்று, எவரிடம் சேர்ப்பது என்று முடிவு செய்பவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். 2023 ஜூலையில் அந்த அணியின் குவார்ட்டர்பேக் டிரெவர் ஹாரிஸுக்கு முழங்காலில் பலத்த காயம். அவ்வாண்டு 18 ஆட்டங்களில் வெற்றி 6 மட்டுமே. கடைசி ஏழும் தோல்வி.

ஹாரிஸின் காயமே காரணம் என்று விட்டுவிடலாமா? முந்திய 2022ஆம் ஆண்டின் கணக்கைப் பாருங்கள்: ஹாரிஸ் அப்போது அந்த அணியிலேயே இல்லை. அவ்வாண்டும் 18இல் வெற்றி 6. கடைசி ஏழும் தோல்வி! நிர்வாகம் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, புதியவரை நியமித்தது. காயமுற்றவரையோ கைவிடவில்லை. அதே ஹாரிஸ் தமது 39ஆம் வயதில், 2025 நவம்பரில், அணிக்குக் கோப்பையை வென்று தந்தார்.

நமது சங்கங்களில்

ஆய்வுக்குச் சென்ற நெசவாளர் சங்கம் ஒன்றில் நான் கண்டதைக் கூறுகிறேன், பெயர் வேண்டாம். காரியதரிசி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிந்து படுத்திருந்தார். நெசவாளருக்கு ஏழு வாரமாகக் கூலி பட்டுவாடா இல்லை. அங்கத்தினர் சிலர் தனி வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அவருக்கே நெய்யத் தொடங்கிவிட்டனர். "காரியதரிசியின் விபத்தால் ஏற்பட்ட தாமதம்" என்று நிர்வாக சபை தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருந்தது.

நூல் இருப்புப் பதிவேட்டைப் பார்த்தேன். விபத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே இருப்புச் சரிபார்ப்பு நின்றுபோயிருந்தது. விற்காத சேலைகள் அப்போதே குவிந்திருந்தன. பெட்டிச் சாவியும் கணினியின் கடவுச்சொல்லும் ஒரே மனிதரிடம் இருந்தன. விபத்து அவருடைய காலை முறித்தது உண்மை. சங்கம் அதற்கு முன்னரே நொண்டிக்கொண்டிருந்தது. படுக்கையில் கிடந்தவர்மீது பழியைப் போட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டியவர்கள் கேள்வியிலிருந்து தப்பிக்கொண்டார்கள்.

ஆகவே, இடையூறு நேர்ந்தது என்று நிர்வாகம் கூறும்போது அங்கத்தினர் மூன்றைக் கேட்க வேண்டும். ஒன்று: இடையூறு நேர்ந்த தேதி எது, நஷ்டம் தொடங்கிய தேதி எது? இரண்டு: ஒருவர் இல்லாவிடில் வேலையைத் தொடர மற்றொருவர் பழக்கப்பட்டிருந்தாரா? மூன்று: தெரிந்தவுடன் அங்கத்தினருக்கு உண்மை சொல்லப்பட்டதா?

சட்டமும் நியாயமும்

1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் தணிக்கைக்கு 80ஆம் பிரிவும், விசாரணைக்கு 81ஆம் பிரிவும், ஆய்வுக்கு 82ஆம் பிரிவும் உள்ளன. 87ஆம் பிரிவின்படி, நம்பிக்கை மோசடியாலோ வேண்டுமென்றே செய்த கவனக்குறைவாலோ சங்கத்துக்கு நஷ்டம் விளைவித்தவரிடமிருந்து அதனை வசூலிக்கலாம். தண்டத்தீர்வை என்பது இதுவே.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நல்லெண்ணத்துடன் எடுத்த முடிவு பொய்த்துப்போவது வேறு. கவனிக்க வேண்டியதைத் தெரிந்தே கவனியாதிருப்பது வேறு. மிளகு விலை ஏறும் என்று நம்பி இருப்பு வைத்தவரைக் குற்றவாளியாக்கினால், நாளை எவரும் பொறுப்பேற்க முன்வரமாட்டார். அதே சமயம், பிழையான முடிவுக்கும் விளக்கம் சொல்லியே ஆக வேண்டும். விளக்கம் கேட்பது பகைமையன்று.

விளையாட்டு ரசிகர் மனவருத்தப்படலாம். அவருக்கு வாக்கு இல்லை. நமக்கோ ஒருவருக்கு ஒரு வாக்கு உண்டு. பங்குத் தொகை சிறிதாயினும் உரிமை ஒன்றே. பேரவைக் கூட்டத்தில் கையெழுத்திட்டுவிட்டுச் சிற்றுண்டியுடன் திரும்பினால், அவ்வுரிமையை நாமே இழந்தவராவோம். அடுத்த பேரவைக்குச் செல்லுமுன் தணிக்கை அறிக்கையை ஒருமுறையேனும் படித்துச் செல்லுங்கள். படிக்க இயலாதவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

கலந்துரையாடுவதற்குரிய வினாக்கள்

1. உங்கள் சங்கத்தில் காரியதரிசி மூன்று மாதம் வர இயலாவிடில், கூலி பட்டுவாடாவும் விளைபொருள் கொள்முதலும் எவரால் நடைபெறும்?

2. இருப்புச் சரிபார்ப்பு கடைசியாக எந்தத் தேதியில் நடந்தது? உடன் இருந்த நிர்வாக சபை உறுப்பினர் யார்?

3. சென்ற ஆண்டு நஷ்டத்துக்குக் கூறப்பட்ட காரணம் எது? அதற்கு முந்திய ஆண்டின் கணக்கு அக்காரணத்தை ஆதரிக்கிறதா?