ஊருக்குப் போனவர்கள் ஊரோடு தங்கிவிட்டார்களா?

கொரோனாவில் பட்ட பாட்டுக்குப் பிறகு வடமாநிலத் தொழிலாளர்களுக்கு நகரமே கசந்துவிட்டது, இனி வேலை தேடி வெளியூர் போவது குறைந்துவிடும் என்று பலரும் நம்பினார்கள், இன்றும் நம்புகிறார்கள். 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நான்கு மணி நேரத்தில் நாட்டையே மூடியதால் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் சொந்த மாநிலம் திரும்பினர். ஆனால் அவர்கள் கிளம்பியது நகரம் கசந்ததால் அல்ல. வேலை நின்ற நகரத்தில் ஒரு வாரம்கூடக் காலம் தள்ள வழியில்லாததால். சூரத்தின் விசைத்தறிகளை எடுத்துக்கொள்வோம். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் அங்கே ‘மெஸ்’ எனப்படும் நெரிசலான கூடங்களில் தங்குகிறார்கள். பகல் ஷிப்டுக்காரர் எழுந்து போன இடத்தில் இரவு ஷிப்டுக்காரர் வந்து படுப்பார். தறி நின்றதும் இரண்டு ஷிப்டும் ஒரே கூடத்தில் அடைபட்டது. கூலி இல்லை, ரேஷன் அட்டை ஊரில். ஏப்ரல் 10 அன்று ‘ஊருக்கு அனுப்புங்கள்’ என்று தெருவில் இறங்கினார்கள். தொழிலாளர்கள் நகரங்களைவிட்டுக் கிளம்பியதற்குப் பொய்ச் செய்தி கிளப்பிய பீதிதான் காரணம் என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது அநியாயம். ‘ஸ்வான்’ தன்னார்வக் குழு அந்த மாதம் விசாரித்த தொழிலாளர்களில் 96 சதவீதத்தினருக்கு அரசு ரேஷன் கிடைத்திருக்கவில்லை. 89 சதவீதத்தினருக்கு முதலாளி கூலி தரவில்லை.

ஆபத்துக்கு ஊர், சம்பாத்தியத்துக்கு நகரம் என்பதுதான் இவர்களுடைய கணக்கு. தொற்று அதை மாற்றவில்லை. ஊரில் பிழைக்க வைக்க அரசும் முயன்றது: நூறு நாள் வேலைக்குக் கூடுதலாக 40,000 கோடி ரூபாய் ஒதுக்கியது, 2020-21-இல் அதுவரை இல்லாத அளவாக 389 கோடி மனித நாட்கள் வேலை நடந்தது. ஆனால் அது ஆளுக்கு நூறு நாள் அல்ல, குடும்பத்துக்கு நூறு நாள். மிச்ச நாட்களுக்கும் வட்டிக் கடனுக்கும் ஊரில் பதில் இல்லை. அந்த ஜூனிலேயே நாற்று நட ஆள் இல்லாமல் பஞ்சாப் விவசாயிகள் பீகாருக்குப் பஸ் அனுப்பினார்கள். முன்பணம் கொடுத்தும் அழைத்தார்கள்.

விவசாயத்தில் இருப்போரின் பங்கு 2018-19-இல் 42.5 சதவீதம், 2023-24-இல் 46.1 சதவீதம், அப்படியானால் திரும்பியவர்கள் தங்கிவிட்டதாகத்தானே பொருள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கூடுதல் பெண்களால் வந்தது. அதிலும் பெரும்பகுதி சொந்த நிலத்தில், கூலி கணக்கில்லாத உழைப்பு. ஆண்களிடையே விவசாயத்தின் பங்கு தொற்றுக்கு முன்பைவிடக் குறைந்தே இருக்கிறது. மாநிலம் தாண்டிக் கூலி வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 2011-க்குப் பிறகு புலம்பெயர்வு குறைந்துவிட்டதாகப் பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வையும் சிலர் காட்டுவார்கள். முன்பதிவில்லா ரயில் டிக்கெட்டுகளை வைத்துப் போட்ட மதிப்பீடு அது; கல்யாணமாகிப் போன பெண்களையும் சேர்த்த மொத்தக் கணக்கு. தொழிலாளர் முடிவைப் பற்றி அதிலிருந்து அதிகம் சொல்லிவிட முடியாது.

மாறியது ஒன்றுதான்: எப்போது கிளம்புவது என்ற முடிவு. 2021 ஏப்ரல் 19 அன்று டெல்லி அரசு ஆறு நாள் ஊரடங்கு அறிவித்தது. போகாதீர்கள் என்று முதல்வரே கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். அன்று மாலையே ஆனந்த் விஹார் பஸ் நிலையம் நிரம்பி வழிந்தது. ஆறு நாள் என்ற வாக்கை அவர்கள் நம்பவில்லை. முந்தைய ஆண்டு 21 நாள் என்று சொன்னது இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டதே! ரேஷனை எந்த மாநிலத்திலும் வாங்கும் வசதி 2022 ஜூனுக்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது, அது பெரிய காரியம். ஆனால் வேலை நின்ற மாதத்தின் வாடகைக்கும் கூலிக்கும் யார் பொறுப்பு என்பதற்கு இன்னும் விடையில்லை. அது கிடைக்கும்வரை, அடுத்த ஊரடங்கிலும் முதல் பஸ்ஸைப் பிடிப்பதே அவர்களுக்குப் புத்திசாலித்தனம்.