பென்சில் கரியில் ஓடும் மின்சாரம்

6பி பென்சிலால் தாளில் தடித்த பட்டையொன்றைத் தீட்டி, அதன் வழியே 9 வோற்று பற்றரியையும் சிறிய எல்.ஈ.டி. குமிழையும் இணைத்தேன். குமிழ் மங்கலாக எரிந்தது. "பென்சில் கரியில கரண்ட் போகுமா மகள்?" என்று வாப்பா குனிந்து பார்த்தார். அவருக்குச் சொன்ன விளக்கமே இக்கட்டுரை.

பென்சிலில் இருப்பது களிமண் கலந்த காரீயம். பன்பாய்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது போல, காபன் அணுப் படைகள் அடுக்கப்பட்டதே காரீயம். ஒவ்வொரு காபனும் மூன்று காபன்களுடன் பிணைந்து, நான்காவது இலத்திரனைப் படை முழுவதும் ஓடவிடுகிறது. மின்னைக் கடத்துவது அதுவே. ஒரேயொரு படையைப் பிரித்தெடுத்தால் அது கிராபீன். 2004இல் மான்செஸ்டரில் கெய்மும் நொவோசெலொவும் ஒட்டுநாடாவால் அதை உரித்தெடுத்து ஆராய்ந்தனர்; 2010இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஒட்டுநாடாவால் கிலோக்கணக்கில் உரிக்க முடியாதே! 1958இல் ஹம்மர்ஸ், ஓஃப்மன் வெளியிட்ட முறையில், காரீயம் செறிந்த சல்பூரிக் அமிலம், சோடியம் நைத்திரேற்று, பொற்றாசியம் பரமங்கனேற்று ஆகியவற்றால் ஒட்சியேற்றப்படுகிறது. படைகளின் மேற்பரப்பில் ஐதரொட்சில் போன்ற ஒட்சிசன் கூட்டங்கள் இணைகின்றன. 0.34 நனோமீற்றர் இடைவெளி இரு மடங்குக்கு மேல் விரிகிறது. நீர் உட்புகுந்து படைகள் பிரிகின்றன.

ஆனால் படைகளைப் பிரித்த அதே ஒட்சிசன் மின்னையும் தடுக்கிறது. ஒட்சிசனுடன் பிணைந்த காபனிடம் ஓடவிட இலத்திரன் மீதியில்லை. எனவே வெப்பத்தாலோ அசுக்கோபிக் அமிலத்தாலோ தாழ்த்தி ஒட்சிசனை அகற்றுகிறார்கள். அளவுக்கு மீறி அகற்றினால் படைகள் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். சூடாக்கும்போது சில காபன் அணுக்களும் வாயுவாக வெளியேறி, படையில் ஓட்டை விழும். மின்வாய்க்கு ஒட்சிசன் குறைந்த படை வேண்டும். நீரில் பரவ வேண்டிய கலவைக்கு ஒட்சிசன் கூடிய படை வேண்டும். எவ்வளவு ஏற்றுவது, எவ்வளவு மீதம் வைப்பது என்ற கட்டுப்பாட்டில்தான் பொருளின் தரம் தங்கியுள்ளது.

இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் 95 சதவீதத்துக்கும் அதிக காபனுள்ள காரீயம் கிடைக்கிறது. நெடுங்காலமாக அது கட்டியாகவும் தூளாகவும் கப்பலேறுகிறது. இன்று ஹோமாகமவிலுள்ள இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகத்தில் அதிலிருந்து கிராபீன் ஆக்கும் ஆய்வுகள் நடந்துள்ளன.

நான் டொக்டராக வேண்டும் என்பது வாப்பாவின் ஆசை. இரசாயனம் படிக்கவே விரும்புகிறேன் என்று அன்றுதான் சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. குமிழை மீண்டும் இணைத்துப் பார்த்துவிட்டு, "முதல்ல சோதினையில நல்லாச் செய்ங்க, பிறகு பார்ப்பம்" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் போதும். தோழியரே, உங்கள் வீட்டிலும் ஒரு பென்சில் இருக்கும். செய்துகாட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.