தட்டை இறக்கி வைப்போம்



"உட்கார்ந்துதானே பீடி சுத்துறே, தனியா ஓய்வு எதுக்கு?" முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. உடம்பு உட்கார்ந்திருக்கு, சரி. கையும் கண்ணும் மனக்கணக்கும் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு!

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குத் தினமும் 289 நிமிடம் செலவிடுகிறோம்; அதைச் செய்யும் ஆண்கள் 88. முன்பு தாமிரபரணிப் படித்துறையில் துணி காயும்வரையாவது சும்மா இருந்தோம். வீட்டுக்குக் குழாய் வந்தது நல்லதுதான், அந்த நேரம் போச்சு.

500 பீடி முடிந்ததும் தட்டை இறக்குங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவி, பத்து நிமிடம் திண்ணையில் இருங்கள். சீரியல், செல்போன் வேண்டாம். மூச்சு வந்துபோவதைக் கவனித்தால் போதும். அடுப்பை யார் பார்ப்பது? வீட்டுக்காரரிடமும் மகனிடமும் இன்றே சொல்லிவையுங்கள். யாருக்கெல்லாம் பத்து நிமிடம் கிடைத்தது என்று அடுத்த குழுக் கூட்டத்தில் கேட்போம்.