கோடைக்கு முன் கடற்கரை ஊர்: ஊராட்சிக்கு ஒரு பாடம்

சேக்காட்டில் இருந்துகொண்டு கடற்கரை ஊர்களின் கோடைப் பணிகளைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். ஆவடி மாநகராட்சியைச் சேர்ந்த இப்பகுதிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே இருபது கிலோமீட்டருக்கு மேல் தொலைவு உண்டு. இங்கே அலையோசை கேட்பதில்லை. ஆயினும் மாசி பிறந்து, கிணற்றுக் கயிற்றின் நீளம் கூடத் தொடங்கியதும், கடலோரச் சிற்றூருக்கும் சேக்காட்டுக்கும் கவலை ஒன்றாகிவிடுகிறது. அது குடிநீர்க் கவலை. கடற்கரை ஊரில் இக்கவலை இருமடங்காகிறது. அங்கே கோடையில் விருந்தினர் கூட்டமும் பெருகும். பிழை நேர்ந்தால் கிணறே உவர்ப்பாகிவிடும். அந்த ஊர்கள் கற்க வேண்டிய பாடம் நம் அனைவருக்கும் பயன்படும் என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஒரு ரயில் கற்பித்த கணக்கு

2019-ஆம் ஆண்டுக் கோடையை நாம் மறந்திருக்க மாட்டோம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் அரக்கோணம், ஆவடி மார்க்கமாக வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ஐம்பது வாகன்களில் அது கொணர்ந்த நீர் ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர்.

இந்த அளவை உழவர் அறிந்த அளவையால் அளந்து பார்ப்போம். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதில் ஓரடி ஆழம் நீர் நின்றால் 43,560 கன அடியாகும். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் கணக்கிட்டால் சுமார் 12.33 லட்சம் லிட்டர். அதாவது, அத்தனை செலவில் ஒரு ரயில் சுமந்து வந்த நீர், இரண்டு ஏக்கர் ஏரிப் பரப்பில் ஓரடி ஆழம் நிற்கும் நீருக்கு ஒப்பானது! ஆவடியிலேயே உள்ள பருத்திப்பட்டு ஏரி சுமார் 87 ஏக்கர்ப் பரப்புடையது. 2019-இல் சீரமைக்கப்பட்டுப் பூங்காவுடன் திறக்கப்பட்டது. அதில் ஓரடி நீர் கூடுதலாக நின்றால் அது நாற்பதுக்கும் மேற்பட்ட ரயில்களின் சுமையாகும்.

ஏரி நீர் முழுவதும் நேரே குடத்துக்கு வருவதில்லை. ஒரு பகுதி ஆவியாகிறது. ஒரு பகுதி நிலத்துள் ஊறிக் கிணற்றின் வழியே நம்மை அடைகிறது. கழிவுநீர் கலந்துவிட்டாலோ, கொள்ளளவு எவ்வளவு இருப்பினும் பயனில்லை. இருந்தும், ஏரியில் படிந்த ஓரடி வண்டலை அலட்சியம் செய்வது எத்துணை நட்டம் என்பதை இக்கணக்கு நமக்கு உணர்த்துகிறது.

உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்

இனிக் கடற்கரைக்கு வருவோம். கடலோர மணற்பாங்கான நிலத்தில் தோண்டினால் சில அடிகளிலேயே நல்ல நீர் ஊறுவதைக் காண்கிறோம். கடலுக்கு இத்தனை அருகில் இனிய நீர் எவ்வாறு கிடைக்கிறது? மழை நீர் மணலில் இறங்கித் தேங்குகிறது. அது கடல் நீரைவிடச் சற்று இலேசானது. ஆகவே உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் நூலார் கண்ட பொது விதி.

இதன் மறுபக்கம் அச்சந்தருவது. மோட்டார் வைத்து ஓயாமல் இறைத்து, மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்திவிட்டால், கீழே உள்ள உவர் எல்லை நாளடைவில் நாற்பதடி வரை மேலேறக்கூடும். ஒருமுறை உவர்ந்த கிணறு ஒரே மழையில் திருந்துவதில்லை.

இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. நம் திருவள்ளூர் மாவட்டத்து மீஞ்சூர்ப் பகுதி இதைக் கண்கூடாகக் கண்டிருக்கிறது. நகரத்தின் தேவைக்கும், தொழிற்சாலைகளுக்கும், வயல்களுக்குமாக நிலத்தடி நீர் மிகுதியாக இறைக்கப்பட்டது. 1960-களின் இறுதியில் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருந்த உவர் எல்லை, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மேலும் பல கிலோமீட்டர் உள்ளே நகர்ந்தது. சென்னையிலும் சூழ்ந்துள்ள குறிப்பிட்ட சிற்றூர்களிலும் நிலத்தடி நீரை எடுப்பதையும் வாகனங்களில் கொண்டுசெல்வதையும் ஒழுங்குபடுத்த 1987-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. 2010-இல் அதே மீஞ்சூர் வட்டாரத்துக் காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. நிலம் இலவசமாக வடிகட்டித் தந்த நீரை, இன்று இயந்திரமும் மின்சாரமும் கொண்டு வடிகட்டுகிறோம்.

கண்ணுக்குத் தெரியும் பணியும் தெரியாத பணியும்

செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம் கடற்கரை 2021-ஆம் ஆண்டு நீலக்கொடிச் சான்று பெற்றது. நீராடும் கடல் நீரின் தூய்மை, சுற்றுச்சூழல் பேணல், மக்களுக்கு அறிவூட்டல், பாதுகாப்பும் வசதிகளும் என நான்கு தலைப்புகளில் 33 விதிகளை நிறைவேற்றினால்தான் அச்சான்று கிட்டும். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். ஒரு முறை துப்புரவு செய்தால் போதாது, இடைவிடாது பேண வேண்டும் என்ற கொள்கை இதில் அடங்கியிருக்கிறது. இது போற்றத்தக்கது.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. கழிப்பறை, குப்பைத் தொட்டி, நிழற்குடை ஆகியவை கண்ணுக்குத் தெரியும் பணிகள். கிணற்றின் நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியாதது. விருந்தினர் பெருகப் பெருக, விடுதிகளும் உணவகங்களும் நீர் கேட்கும், லாரிகள் வரும், கிணறுடைய உழவருக்கு நீர் விற்பனை பயிரைவிட எளிய வருவாயாகத் தோன்றும். அவரைக் குறை கூறுவது எளிது. கோடையில் அவர் கடன் தவணை நிற்பதில்லை. எனினும் அவர் கிணற்றின் நீர் அவர் வேலியோடு நின்றுவிடுவதன்று. அவர் இறைப்பது அண்டை வீட்டு அடிகுழாயின் நீரையுந்தான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை. மீனவர் குடும்பங்களின் வருவாய் குறையும் அதே நாட்களில் அவர்கள் குடிநீரையும் விலைக்கு வாங்க நேருமானால், அவ்வூரின் கோடை வளம் யாருக்கு?

என்ன செய்யலாம்?

ஊராட்சி மன்றம் இருக்கும் காலத்தில் உறுப்பினர்களும், இல்லாத காலத்தில் தனி அலுவலரும் ஊர்மக்களும் பின்வரும் முறையில் பணிகளை வகுத்துக்கொள்ளலாம்.

மாசியில் கணக்கெடுத்தல்: பொதுக் கிணறு ஒவ்வொன்றிலும் கல் கட்டிய கயிற்றை இறக்கி நீர்மட்டத்தை அளந்து எழுதி வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை இதைச் செய்தால், எக்கிணறு விரைந்து தாழ்கிறது என்பது தெரியும். கடலோர ஊர்களில் நீரைச் சோதனைச்சாலைக்கு அனுப்பிக் குளோரைடு அளவையும் அறிதல் நலம். லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாதவிடத்தும் 1,000-ஐத் தாண்டக்கூடாது. நாவுக்கு உவர்ப்பு நன்கு தெரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

பங்குனியில் கிராம சபை: உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22-ஐயும் கிராம சபை நாளாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. இது கோடையின் வாயிலில் அமைந்த நாள். நீர்மட்டக் கணக்கைச் சபையில் உரக்கப் படிக்க வேண்டும். எத்தெருவுக்கு எந்நேரம் நீர், விடுதிகளுக்கு எவ்வளவு, லாரிக்கு நீர் தருவதா கூடாதா என்பவற்றை அங்கேயே பேசித் தீர்மானிக்க வேண்டும். நீர் சுமக்கும் பெண்கள் முதலில் பேசட்டும்.

நாள்தோறும் குளோரின் கலத்தல்: ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர் கலக்க வேண்டும். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு 120 கிராம். கலந்து அரை மணி நேரத்துக்குப் பிறகே நீரைத் திறந்துவிட வேண்டும். கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருத்தல் வேண்டும். தொட்டியை மாதம் இருமுறை கழுவுதல் நன்று.

சித்திரை, வைகாசியில் வண்டல் எடுத்தல்: ஏரி வறண்ட நாட்களே இதற்கு ஏற்றவை. வட்டாட்சியரின் அனுமதி பெற்று உழவர்கள் கட்டணமின்றி வண்டல் எடுத்துக்கொள்ள 2024-இல் அரசு வழிசெய்தது. நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்பது அளவு. வயலுக்கு உரம், ஏரிக்கு ஆழம் என இருபயன் கிட்டும். கரையை ஒட்டித் தோண்டாமலும், மதகையும் கலங்கலையும் சிதைக்காமலும் எடுக்க வேண்டும். வரத்துக் கால்வாய் தூர்ந்திருந்தால் ஆழமான ஏரிக்கும் நீர் வாராது. ஐப்பசி மழைக்கு முன் அதனையும் செப்பனிடுக.

பயிர்த் தேர்வு: நீர்மட்டம் தாழ்ந்துள்ள ஊர்களில் சொர்ணவாரி நெல்லுக்கு மாறாக உளுந்து, எள், கேழ்வரகு முதலியவற்றை மேற்கொள்ளலாம். ஒருவர் மட்டும் மாறினால் அவருக்கு நட்டம்போல் தோன்றும். ஊரார் கூடி மாறினால் கிணறுகள் பிழைக்கும்.

வெள்ளம் வருமுன் அணை கோலுதல் அறிவுடைமை என்பர். வறட்சிக்கும் அது பொருந்தும். கடற்கரைக்கு வரும் விருந்தினர் அலையைக் கண்டு மகிழ்ந்து மாலையில் திரும்பிவிடுவர். அவர்கள் சென்ற பின்னரும் கிணற்றில் குடம் விடுபவர் ஊர்மக்களே. ஆகவே இந்த மாதத்திலேயே ஒரு கயிறும் ஒரு குறிப்பேடும் எடுத்துக்கொண்டு ஊர்க் கிணற்றடிக்குச் செல்லுமாறு ஊராட்சி உறுப்பினர்களையும் உழவர் பெருமக்களையும் கேட்டுக்கொள்கிறோம்.